கற்பனைப் போர்விமானம் "வல்லூறு": இதோட வடிவமைப்பு வரலாறு நம்பும்படி இருக்கா?

முகில்வாணி:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டாம் உலகப் போர்க் காலத்துல நடக்கிற ஒரு நாவல் எழுதிட்டிருக்கேன். நாடு கற்பனை. மலையும் காடும் நிறைஞ்ச ஒரு சின்ன ஐரோப்பிய நாடு, ரெண்டு வல்லரசுக்கு நடுவுல மாட்டிக்கிட்டது. அந்த நாடு சொந்தமா ஒரு போர்விமானம் செய்யுது, பேர் "வல்லூறு". அதை வரைஞ்ச பொண்ணு, முதல்ல ஓட்டிப் பார்க்கிற சோதனை விமானி, பட்டறையில வேலை செய்றவங்க எல்லாரும் அந்த விமானத்தைச் சுத்தித்தான் வர்றாங்க. அதனால அது பிறந்து வளர்ந்த கதை தப்பாப் போனா நாவலே நிக்காது.

இப்ப நான் எழுதி வெச்சிருக்கிறது இதுதான். 1936 வரைக்கும் அவங்க வெளிநாட்டு இரட்டை இறக்கை விமானங்களை வாங்கித்தான் ஓட்டுறாங்க. அந்த வருஷம் அரசு சொந்த விமானம் வேணும்னு முடிவு பண்ணுது. வடிவமைப்பாளர் அதுவரைக்கும் கிளைடர் மட்டுமே செஞ்சவ. பிரான்சுலேர்ந்து ஹிஸ்பானோ-சுய்ஸா 12ஒய் எஞ்சின் வருது. முழுக்க அலுமினியம், பிரிட்டனோட ஸ்பிட்ஃபயர் போர்விமானம் மாதிரி நீள்வட்ட இறக்கை, நாலு 20 மி.மீ. பீரங்கி, அதுல ஒண்ணு புரொப்பெல்லர் மையத்து வழியாச் சுடுறது. எடை 2,200 கிலோ, வேகம் மணிக்கு 650 கி.மீ., 1,500 கி.மீ. தூரம் போகும். 1938-ல முதல் பறப்பு.

1940 ஜூன்ல பிரான்ஸ் விழுந்ததும் எஞ்சின் வரத்து நின்னுடுது. அங்கேருந்து, ஒரே வருஷத்துல அவங்களே 1,500 குதிரைத்திறன் எஞ்சின் ஒண்ணு செஞ்சு "வல்லூறு-2" வருது, எல்லாரோட விமானத்தையும் வேகத்துல முந்துது.

எழுதி முடிச்சுப் படிச்சா இந்த ரெண்டாம் பாதி மட்டும் வெறுமையா இருக்கு. எந்த இடத்துல இது நடக்காத விஷயமாப் போகுதுன்னு தெரிஞ்சவங்க சொன்னா மாத்தி எழுத முடியும். எண்களையும் பார்த்துச் சொல்லுங்க.

---

பிஸ்டன்:

நல்ல கேள்வி தங்கச்சி. விமான பிஸ்டன் எஞ்சின் பிரிச்சுக் கோக்கிற வேலையிலேயே என் காலம் போச்சு. அதனால நான் எப்பவும் எஞ்சின்லேர்ந்துதான் பார்ப்பேன். உங்க கதை வெறுமையாத் தெரியிறதும் சரியா எஞ்சின் இருக்கிற இடத்துலதான்.

விமானத்தோட உடம்பைச் சில மாசத்துல வரைஞ்சு செஞ்சுடலாம். எஞ்சினை முடியாது. அமெரிக்காவுல செஞ்ச மஸ்டாங் போர்விமானத்தோட முதல் மாதிரி ஒப்பந்தம் போட்ட 102-ஆம் நாள், 1940 செப்டம்பர்ல கொட்டகையை விட்டு வெளிய வந்துடுச்சு. ஆனா உள்ள எஞ்சின் இல்லை. ஆலிசன் எஞ்சின் வந்து சேர்ந்து அது பறந்தது அக்டோபர் 26-ஆம் தேதிதான். இத்தனைக்கும் அது ஏற்கெனவே உற்பத்தியில இருந்த எஞ்சின். புதுசா ஒண்ணு செய்றதுன்னா பிரிட்டன்ல நேப்பியர் சேபர் எஞ்சினைப் பாருங்க. 1938 தொடக்கத்துல முதல்ல ஓடினது, 1942-ல டைஃபூன் விமானத்துல போருக்குப் போனப்பவும் சிலிண்டருக்குள்ள நகர்ற ஸ்லீவ் குழாய் தேய்ஞ்சு தொல்லை கொடுத்துக்கிட்டே இருந்தது. பெரிய தொழில் நாட்டுக்கே அந்தப் பாடு.

சரி, முழு வரைபடமும் கையில இருந்தா? ஜப்பான் அதைத்தான் செஞ்சது. ஜெர்மனியோட டிபி 601 எஞ்சினை உரிமம் வாங்கி ஹா-40-னு செஞ்சு கி-61 விமானத்துல போட்டாங்க. வரைபடம் வந்தது, அந்தத் தரத்துல உலோகமும் பேரிங்கும் வரலை. கிராங்க் ஷாஃப்டும் பேரிங்கும் முன்கள விமானத்தளங்கள்ல அவங்களை அழவெச்சது. அதனால உங்க ஒரு வருஷ எஞ்சினைத் தூக்கிடுங்க. படிக்கிறவங்களுக்கு எஞ்சின் தெரியாட்டியும், அது சும்மா கிடைச்ச வெற்றின்னு மனசுல தட்டும்.

எஞ்சின் இல்லாத விமான உடம்பு வரிசையா நிக்குதுன்னா, நிஜத்துல என்ன பண்ணினாங்க? உங்க கதைக்கு அச்சு அசலாப் பொருந்துற ஒண்ணு இருக்கு. சோவியத்தோட லாக்-3 போர்விமானம். அதுல இருந்த கிளிமோவ் எம்-105 எஞ்சின், நீங்க சொல்ற அதே ஹிஸ்பானோ 12ஒய்யோட வம்சம். விமானம் கனம், எஞ்சினுக்குத் திறன் போதலை, விமானிகள் வெறுத்தாங்க. அப்போ ஷ்வெத்சோவோட எம்-82-ங்கிற காத்துல குளிர்ற, சிலிண்டர்களை வட்டமா அடுக்கின ரேடியல் எஞ்சின் சும்மா கிடந்தது. லாவோச்கின் குழு 1941-42 குளிர்காலத்துல அதைத் தூக்கி லாக்-3 மூக்குல வெச்சுப் பார்த்தாங்க. சுலபமா உட்காரலை. ரெண்டு வரிசை சிலிண்டர் வெச்ச வி-எஞ்சின் ஒல்லி, ரேடியல் வட்டமா 1.26 மீட்டர். எடையும் ஏறக்குறைய 250 கிலோ கூட. உடம்பைப் புதுசா வரைய நேரமில்லாம, ரெண்டு பக்கமும் ஒட்டுப்பலகையை வளைச்சு ஒட்டி அந்த அகலத்தோட இழைய வெச்சாங்க. 1942 மார்ச்ல பறந்தது. அதுதான் லா-5. எல்லாரும் கைகழுவத் தயாரா இருந்த விமானம், அந்தப் போரோட நல்ல சண்டை விமானங்கள்ல ஒண்ணா மாறிடுச்சு.

ஜப்பான்லயும் கடைசியில இதே முடிவுதான். 1945 தொடக்கத்துல எஞ்சின் ஆலை குண்டுவீச்சுல போனதும், 275 கி-61 உடம்புகள் மூக்கில்லாம நின்னுது. மிட்சுபிஷி ரேடியலைப் போட்டாங்க. உடம்போட அகலம் 84 செ.மீ., எஞ்சினோட குறுக்களவு 1.22 மீட்டர். இடையில வர்ற அந்தப் படியில காத்து சுழிச்சுக்கிட்டு இழுக்காம இருக்க, எக்ஸாஸ்ட் குழாய்களை ரெண்டு பக்கமும் அடுக்கி அந்த இடத்துல ஊதவிட்டாங்க. ஜெர்மன் எஃப்டபிள்யூ 190-ஐப் பார்த்துக் கத்துக்கிட்டது. அப்படி வந்த கி-100-க்குப் பழசைவிட உச்ச வேகம் குறைவு. ஆனா ரேடியேட்டர், குளிர்விக்கிற திரவம் எல்லாம் போனதால எடை 300 கிலோவுக்கு மேல இறங்கிச்சு. காலையில ஸ்டார்ட் பண்ணா ஓடும். விமானிகள் அதைத்தான் விரும்பினாங்க.

உங்க வல்லூறு-2 இப்படிப் பிறக்கட்டும். வேகத்துல கொஞ்சம் குறைஞ்சு, நம்பிக்கையில கூடின விமானமா. அந்த நாட்டுக்காரங்க தங்களோட குண்டுவீச்சு விமானத்துக்காக ஒரு ரேடியலை உரிமத்துல செஞ்சுக்கிட்டிருந்தாங்கன்னு முதல் பாகத்துலயே போகிற போக்குல சொல்லி வெச்சுடுங்க. ஆஸ்திரேலியாவோட பூமராங் அப்படித்தான் வந்தது. பியூஃபோர்ட் குண்டுவீச்சு விமானத்துக்காக ட்வின் வாஸ்ப் எஞ்சின் அங்கேயே தயாராயிட்டிருந்தது. வைரவே பயிற்சி விமானத்தோட பாகங்களையும் அதையும் சேர்த்து, 1942 பிப்ரவரியில ஆர்டர், மே 29-ல முதல் பறப்பு. வரைஞ்சவர் ஃப்ரெட் டேவிட், நாஜிகள்கிட்டேருந்து தப்பி வந்த ஆஸ்திரிய யூதர். அந்த விமானம் ஒரு எதிரி விமானத்தைக்கூட வீழ்த்தினதாக் கணக்கு இல்லை. ஆனா நியூ கினி காட்டுக்குள்ள தரைப்படைக்குத் துணையா அது செஞ்ச வேலை பெரிசு. வீழ்த்தின கணக்கை மட்டும் வெச்சு ஒரு விமானத்தை எடை போடுறது எனக்கு எப்பவுமே பிடிக்காது.

எண்களுக்கு வர்றேன். அதே 12ஒய் குடும்பத்துல 910 குதிரைத்திறன் எஞ்சினோட பிரான்ஸ் செஞ்ச நல்ல விமானம் டெவோட்டின் டி.520. வேகம் மணிக்கு 530 சொச்சம், எடை 2,700 கிலோ பக்கம். காத்தோட எதிர்ப்பைத் தாண்டத் தேவைப்படுற திறன் வேகத்தோட மும்மடிப் பெருக்கமா ஏறும். 530-ஐ 650 ஆக்கணும்னா 650-ஐ 530-ஆல வகுத்து மூணு தடவை பெருக்குங்க: 1.84 வரும். அதே உடம்புக்கு 1,680 குதிரைத்திறன் வேணும். 1938-ல அது கிடையாது. ஸ்பிட்ஃபயர் முதல் வகையே 1,030 குதிரைத்திறன்ல 580 கி.மீ. தான். உங்க முதல் மாதிரிக்கு 510-லேர்ந்து 530 வெச்சுக்குங்க. 1938-ல அதுக்கே கைதட்டுவாங்க.

2,200 கிலோவும் நாலு பீரங்கியும் சேராது. ஒரு ஹிஸ்பானோ பீரங்கி மட்டும் 50 கிலோ கிட்ட, குண்டு தனி. நாலு பீரங்கி வெச்ச பிரிட்டிஷ் ஹரிக்கேன் 2சி விமானம், 1,280 குதிரைத்திறன் இருந்தும் 540 சொச்சம்தான் போனது. மையத்துல ஒரு பீரங்கி, இறக்கைக்கு ரெண்டு இயந்திரத் துப்பாக்கி, அதுதான் டி.520-ல இருந்தது; அது போதும். தூரம் 1,500-னு பிடிவாதம் பிடிச்சா ஜப்பானோட ஜீரோ விமானம் மாதிரி கவசத்தையும் தானா அடைச்சுக்கிற எரிபொருள் தொட்டியையும் விடணும். சின்ன நாடு, எல்லைக்கு இருபது நிமிஷத்துல போயிடலாம். 900 கி.மீ. போதும், அந்த எடையில விமானியோட முதுகுக்குப் பின்னால ஒரு கவசத் தகடு வெச்சுக் கொடுங்க.

---

ஒட்டுப்பலகை:

பிஸ்டன் அண்ணன் எஞ்சின் பக்கம் சொல்லிட்டார். எனக்கு உங்க கதையில கண்ணை உறுத்தினது அலுமினியம். மலையும் காடும் நிறைஞ்ச நாடு, வடிவமைப்பாளர் கிளைடர் செஞ்சவர். அப்புறம் எதுக்கு அலுமினியம்? கிளைடர் ஆளுக்கு மரமும் ஒட்டுப்பலகையும்தானே கை பழகின பொருள்? அவங்களோட பலமே உங்க விமானத்துல காணோம்.

சுவீடன் கதையைப் பாருங்க. 1940-ல அமெரிக்கா விமான ஏற்றுமதியை நிறுத்தினதும், பணம் கட்டின விமானங்கள் வந்து சேராம நடுநிலை நாடு வெறுங்கையோட நின்னது. இருந்த அலுமினியம் சாப் கம்பெனியோட குண்டுவீச்சு விமானங்களுக்கு ஒதுக்கினது. அதனால பூ லுண்ட்பெர்க், எஃகுக் குழாய்ச் சட்டத்து மேல ஒட்டுப்பலகைத் தோல் போர்த்தி ஜே 22-ஐ வரைஞ்சார். அந்தத் தோலும் பாரம் தாங்கும், வெறும் மூடாக்கு இல்லை. எஞ்சின், அமெரிக்க ட்வின் வாஸ்ப்பை உரிமம் இல்லாமலே பார்த்துச் செஞ்ச நகல், 1,065 குதிரைத்திறன். விமானத் தொழிலே தெரியாத எத்தனையோ பட்டறைகள் பாகம் செஞ்சு அனுப்ப, விமான நிலையத்துல கோத்தாங்க. 1942 செப்டம்பர்ல முதல் பறப்பு, மொத்தம் 198. இறக்கைப் பரப்பு வெறும் 16 சதுர மீட்டர், அதனால 575 கி.மீ. வேகம். உங்க வல்லூறு-2-க்கு இதைவிட நல்ல மூத்த அக்கா கிடைக்க மாட்டா.

ஆனா மரம்னு எழுதினா பசையையும் எழுதணும். நாவலுக்குத் தேவையான பயம் அங்கதான் இருக்கு. பின்லாந்தோட மிர்ஸ்கியும் மர விமானம், அதே சுவீடன் நகல் எஞ்சின். சோதனையிலேயே தோல் பெயர்ந்து, இறக்கை உடைஞ்சு விமானிகள் செத்தாங்க. வலுப்படுத்திக் களத்துக்கு அனுப்பின பிறகும், திறந்தவெளியில மழையிலயும் பனியிலயும் நின்னு ஒட்டு விட ஆரம்பிச்சது. மொத்தம் 51-தான் செஞ்சாங்க. ஜெர்மனியிலயும், டா 154-ங்கிற மர விமானத்துக்கான டேகோ படலப் பசை ஆலை வுப்பர்டால் நகரக் குண்டுவீச்சுல போனதும், மாத்துப் பசை மரத்தையே அரிச்சது. பிரிட்டனோட மொஸ்கிட்டோ மர விமானமும் பால்புரதப் பசையில தொடங்கி, ஈரத்துல அது பூசணம் பிடிக்கும்னு பின்னாடி செயற்கைப் பிசினுக்கு மாறினதுதான்.

அதனால பட்டறைக் காட்சிகள்ல மரத்தோட ஈரப்பதத்தை அளக்கிறதும், அறையைச் சூடா வெச்சுக்கிறதும், ஒவ்வொரு கலவைப் பசையிலயும் ஒரு மாதிரித் துண்டு ஒட்டி உடைச்சுப் பார்க்கிறதும் வரட்டும். பசை இடத்துல கிழியக் கூடாது, மரத்துல கிழியணும். ஒட்டு பிடிச்சிருக்குன்னு அதை வெச்சுத்தான் சொல்லுவாங்க. அந்தத் துண்டுகளைத் தேதி போட்டு எடுத்து வைக்கிற ஆளை ஒரு பாத்திரமாவே ஆக்கலாம். ஒரு விமானம் விழுந்தா முதல்ல அவர்கிட்டத்தான் வருவாங்க.

நீள்வட்ட இறக்கையையும் விட்டுடுங்க. முன் விளிம்பும் பின் விளிம்பும் வளைவு, செய்ய நேரம் பிடிக்கும். நேர்க்கோடா குறுகிப் போற இறக்கை, நுனியில மட்டும் உருட்டல், அது போதும்.

---

முகில்வாணி:

பிஸ்டன் அண்ணா, ஒட்டுப்பலகை, ரெண்டு பேருக்கும் மனசார நன்றி. பாதி அத்தியாயத்தைக் கலைச்சுட்டேன், சந்தோஷமா.

இப்ப இப்படி வருது. வல்லூறு-1: எஃகுக் குழாய் நடு உடம்பு, மர இறக்கை, 12ஒய் எஞ்சின், மையத்துல ஒரு பீரங்கி, வேகம் 515. 1938 இலையுதிர் காலத்துல பறக்குது. 1940 ஜூன்ல எஞ்சின் நிக்கும்போது நாற்பது உடம்பு மூக்கில்லாம நிக்குது. குண்டுவீச்சு விமானத்தோட ரேடியலை வெச்சு வல்லூறு-2. ஒரு குளிர்காலம் முழுக்க மூக்கு வேலைதான். பசைத் துண்டு எடுத்து வைக்கிறவர் வடிவமைப்பாளரோட பழைய கிளைடர் கூட்டாளி.

ஒரு சந்தேகம் மட்டும் தீரலை. ரேடியல் வந்தா மைய வழிப் பீரங்கி என்ன ஆகும்? அதை அப்படியே விட முடியுமா?

---

தோட்டா:

முடியாது. 12ஒய்ல ரெண்டு வரிசை சிலிண்டருக்கு நடுவுல வி மாதிரிப் பள்ளம் இருக்கு. பீரங்கி அதுல படுத்துக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் கியர் வழியா கிராங்க் ஷாஃப்டைவிட உயரத்துல இருக்கிறதால, அதோட உள்ளீடு வழியா குழல் வெளிய வரும். ரேடியல்ல நட்ட நடுவுல கிராங்க் ஷாஃப்டே நிக்குது. குழலுக்கு வழியே கிடையாது. ஆக எஞ்சின் போனா பீரங்கியும் போச்சு. உங்க விமானப் படைத் தளபதி இதை எப்போ தெரிஞ்சுக்கிறார்ங்கிறது நல்ல காட்சியா வரும்.

"அதே பீரங்கியை எஞ்சின் மேல வெச்சு, புரொப்பெல்லர் தகடுகளுக்கு நடுவுல சுடலாமே?"ன்னு யாராவது கேட்பாங்க. ஒத்திசைவுக் கருவி எஞ்சினோட சுழற்சியைப் பார்த்து, தகடு குறுக்க இல்லாத நொடியில "சுடு"ன்னு சொல்லும். சொன்ன உடனே குண்டு வெடிக்கணும். ஹிஸ்பானோ திறந்த போல்ட் வகை. விசை விழுந்த பிறகு கனமான போல்ட் பின்னாலேருந்து ஓடிவந்து, குண்டை அறைக்குள்ள தள்ளி, அப்புறம்தான் சுடும். அந்த இடைவெளி ஒவ்வொரு தடவையும் ஒரே அளவா இருக்காது. தன் புரொப்பெல்லரையே தான் சுட்டுக்கும். லா-5-ல எஞ்சின் மேல ரெண்டு 20 மி.மீ. வெச்சாங்கன்னா, அவங்க ஷ்வாக் பீரங்கியில ஒத்திசைவுக்குன்னே ஒரு வகை இருந்தது. உங்க ஆட்கள்கிட்ட பிரான்சுலேர்ந்து வந்த ஹிஸ்பானோ மட்டும்தான்.

மிச்சம் இருக்கிற வழி இறக்கை. அங்கயும் வில்லங்கம். 60 குண்டு கொள்ற உருண்டை டிரம் மெல்லிய இறக்கைக்குள்ள அடங்காது. ஸ்பிட்ஃபயர்ல முதல்ல பீரங்கியைப் பக்கவாட்டுல சாய்ச்சு வெச்சாங்க. 1940-ல 19-ஆம் படைப்பிரிவுக்கு அந்த விமானங்கள் வந்தப்ப, சண்டை நடுவுல மாட்டி மாட்டி நின்னுது. எட்டுத் துப்பாக்கி வெச்ச பழைய விமானத்தையே திருப்பித் தாங்கன்னு கேட்டு வாங்கினாங்க. பிறகு பீரங்கியை நேரா வெச்சு, டிரம்முக்காக இறக்கை மேல ஒரு புடைப்பு விட்டப்பதான் சரியாச்சு. உங்களுது ஒட்டுப்பலகை இறக்கை. அதோட தோல் பாரம் தாங்குறதால, அதுல துளை போட்டா சுத்திலும் வலுப்படுத்தணும், மறுபடி நிலத்துல பாரம் ஏத்தி முறியுதான்னு சோதிக்கணும்.

என்னைக் கேட்டா வல்லூறு-2-ல பீரங்கியே வேண்டாம். 12.7 அல்லது 13.2 மி.மீ. கன இயந்திரத் துப்பாக்கி நாலு, இறக்கையில, புரொப்பெல்லர் வட்டத்துக்கு வெளிய. ஜே 22பி-ல நாலு 13.2 தான் இருந்தது. டிரம் 60 குண்டு ஆறு வினாடியில காலி. பெல்ட்ல ஊட்டுற துப்பாக்கி அதைவிட நேரம் தாங்கும். குண்டு ஒவ்வொண்ணுக்கும் வலு குறைவுதான், கன குண்டுவீச்சு விமானத்தை வீழ்த்த இன்னும் கிட்டப் போகணும். உங்க விமானிகள் கிட்டப் போறதை எழுதுங்க.

---

பிஸ்டன்:

தோட்டா சொன்னது சரி. அந்த மையப் பீரங்கியைக் கழட்டுறது எனக்கும் உதவும். ரேடியல் கனத்தால மூக்கு கீழ இழுக்கும், அதைச் சரிக்கட்ட பேட்டரி, ரேடியோ எல்லாத்தையும் பின்னால தள்ளணும். பீரங்கியும் குண்டும் இல்லைன்னா தள்ள வேண்டியது குறையும். உடம்பு எஃகுக் குழாய்ங்கிறதால எஞ்சின் தாங்கிச் சட்டத்தைப் புதுசா வெல்டு பண்ணிக்கலாம். முழு மர உடம்பா இருந்தா இதுவே பெரும்பாடு.

முதல் பறப்புக்கு ஒண்ணு சொல்றேன். பழைய எஞ்சினும் புது எஞ்சினும் எந்தப் பக்கம் சுத்துதுன்னு இப்பவே முடிவு பண்ணிக்குங்க. ஓடுபாதையில த்ராட்டில் கொடுத்ததும் மூக்கு ஒரு பக்கமா ஓடும், விமானி எதிர்க்காலால ரட்டரை, அதாவது வால்ல இருக்கிற சுக்கானோட மிதியை, மிதிச்சுப் பிடிப்பார். ஸ்பிட்ஃபயர்ல மெர்லின் எஞ்சின் போய் கிரிஃபன் எஞ்சின் வந்தப்ப சுழற்சி மாறிடுச்சு. பழகின விமானிகளே கால் மாத்தி மிதிச்சுத் தடுமாறினாங்க. ரெண்டு வருஷம் வல்லூறு-1 ஓட்டின உங்க சோதனை விமானிக்கு அந்தக் கால் பழக்கம் ஊறிப் போயிருக்கும். ரட்டர் டிரிம்மை எந்தப் பக்கம் வைக்கணும்னு மெக்கானிக் காக்பிட்டுல பெயின்ட்ல ஒரு அம்புக்குறி போட்டு வைக்கட்டும். த்ராட்டிலையும் மெதுவாத்தான் ஏத்தணும்.